தூரிகைக் கேள்விகள்: திரையில் கண்ட முகத்தை வரைவது

கொரியத் தொலைக்காட்சித் தொடர்களின் கதாபாத்திரங்களை வரைவது பற்றிக் கடந்த சில மாதங்களில் பல கடிதங்கள் வந்து சேர்ந்திருக்கின்றன. ஒன்றுக்கொன்று தொடர்புடைய கேள்விகளாக இருந்ததால் அவற்றுள் ஐந்தைத் தேர்ந்து, இந்த இதழின் பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: 'டே ஜாங்கும்' தொடரை மூன்று முறை முழுவதுமாகப் பார்த்தபின், அதன் நாயகி ஜாங்குமை எண்ணெய் வண்ணத்தில் வரைந்தேன். பார்த்தவர்கள் எல்லோரும் "நடிகை லீ யங்-ஏ அப்படியே இருக்கிறார்" என்று பாராட்டுகிறார்கள். ஜாங்கும் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. முகம் சரியாக அமைந்தபிறகு வேறு என்னதான் குறைகிறது?
— வாசகி, கும்பகோணம்

பதில்: நீங்கள் அனுப்பியிருந்த புகைப்படத்தை நெடுநேரம் பார்த்தேன். கண்களுக்கு இடையிலான தூரம், மூக்கின் நீளம், மோவாயின் வளைவு எல்லாம் சரியாக இருக்கின்றன. வண்ணம் குழைத்திருப்பதில் பல ஆண்டுப் பயிற்சி தெரிகிறது. ஆனால் முகம் நேராக இருக்கிறது, ஒளி இருபுறமும் சமமாக விழுகிறது, உதட்டில் அளவான புன்னகை, பார்வை நேரே நம்மை நோக்கி. ஒரு நடிகை விளம்பரப் படத்துக்காகக் கேமராவைப் பார்க்கும் பார்வை அது. 54 பகுதிகளிலும் ஜாங்கும் யாரையாவது அப்படிப் பார்த்ததாக எனக்கு நினைவில்லை.

இந்தப் பாத்திரத்துக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. ஜாங்கும் கற்பனைப் பெயரல்ல; 16ஆம் நூற்றாண்டில் கொரியாவின் ஜோசன் அரசை ஆண்ட ஜுங்ஜோங் மன்னரின் அரசவைப் பதிவேடுகளில் அந்தப் பெயருடைய பெண் மருத்துவர் சில இடங்களில் குறிப்பிடப்படுகிறார். 1544இல், தம் இறுதி நோயின்போது, தமது நோயின் தன்மை அந்தப் பெண் மருத்துவருக்குத் தெரியும் என்று மன்னர் சொன்னதாக ஒரு பதிவு இருக்கிறது. அவர் எப்படி இருந்தார், உயரமா குள்ளமா, எந்த ஊரில் பிறந்தார் என்பதற்கு ஒரு வரிகூட இல்லை. அரண்மனைச் சமையலறையில் அவர் வளர்ந்த கதை 2003இல் எம்பிசி தொலைக்காட்சி தொடங்கிய இத்தொடருக்காகப் படைக்கப்பட்டதே. ஆகவே ஜாங்குமுக்கென்று நம்மிடம் இருக்கும் ஒரே முகம் லீ யங்-ஏ கொடுத்த முகம். எலும்பையும் தோலையும் மட்டும் பார்த்து வரைந்தால் நடிகை வராமல் வேறு யார் வருவார்?

அவரிலிருந்து ஜாங்குமைப் பிரித்தெடுக்க எனக்குத் தெரிந்த வழி, அவள் பழக்கங்களைத் தேடுவதுதான். சிறுமி ஜாங்குமிடம் ஹான் என்ற அரண்மனைச் சமையலறைப் பெண்மணி குடிக்கத் தண்ணீர் கேட்கும் காட்சியை நினைத்துப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் கொண்டுவந்த தண்ணீரை அவர் மறுத்துக்கொண்டே இருப்பார். கடைசியில் அந்தப் பிள்ளை, வயிறு வலிக்கிறதா, இன்று மலம் கழிந்ததா, தொண்டை நோகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுவிட்டு, வெதுவெதுப்பான நீரில் சிறிது உப்பிட்டுக் கொண்டுவந்து கொடுப்பாள். கொடுப்பதற்கு முன்னால் கேட்கும் இந்த இயல்பு அவளோடு வளர்ந்து, சமையற்காரியாக இருந்தபோதும் மருத்துவச்சியான பின்னும் மாறவில்லை. கேள்வி கேட்கும்போது தலை சிறிதே முன்சாயும், புருவங்களுக்கு நடுவே ஒரு நூலிழை இறுக்கம் வரும், வாய் மூடியிருந்தாலும் உதடுகள் அழுந்தாமல் இருக்கும். இதை வரையுங்கள், பெயர் எழுதாமலே ஜாங்கும் என்பார்கள்.

இன்னொரு தருணத்தையும் சொல்லத் தோன்றுகிறது. அவள் நாவின் சுவையுணர்வை இழந்து, சாப்பிட்ட நினைவைக் கொண்டே சமைக்கும் பகுதிகள் தொடரில் உண்டு. சுவை பார்ப்பவரின் கண்கள் திறந்திருந்தாலும் எதையும் பார்ப்பதில்லை, பார்வை உள்ளே திரும்பியிருக்கும். சுவை தெரியாதவர் சுவை பார்க்கும்போது அந்த உள்நோக்கிய பார்வையோடு அச்சமும் சேர்கிறது. உருவ ஓவியத்தில் இதைவிடச் செறிவான ஒரு நொடி கிடைப்பது அரிது என்று உறுதியாக நம்புகிறேன். கரண்டியை உதட்டருகே வைக்காமல், சுவைத்துவிட்டுச் சிறிது கீழே இறக்கிய நிலையில் வையுங்கள்.

கைகளையும் வரைய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். நீங்கள் தோளோடு நிறுத்திவிட்டீர்கள். காய் நறுக்கிய விரல்கள், பின்னால் நாடி பிடித்துப் பார்த்த விரல்கள், ஜேஜு தீவுக்கு நாடுகடத்தப்படும் வழியில் ஹான் பெண்மணியை முதுகில் சுமந்து சென்ற கைகள் அவை. முகம் முழுக் கதையையும் தனியே சுமக்க முடியாத இடத்தில் கை பாதிச் சுமையை வாங்கிக்கொள்ளும்.

கேள்வி: தொடரை நிறுத்தி, அந்தக் காட்சியைக் கைபேசியில் படமெடுத்து, அதைப் பார்த்து வரைகிறேன். எங்கள் ஓவிய ஆசிரியர் இதை ஏமாற்று வேலை என்கிறார். நேரில் அமர்ந்திருக்கும் ஆளைப் பார்த்து வரைந்தால்தான் உருவ ஓவியமா?
— வாசகர், திருநெல்வேலி

பதில்: உங்கள் ஆசிரியரின் கவலை எனக்குப் புரிகிறது, ஆனால் அந்தச் சொல் கடுமையானது. கொரியாவின் பெரும் உருவ ஓவியர்களுள் ஒருவரான சே யோங்-ஷின் (1850–1941) கோஜோங் மன்னரை வரைந்தவர். புகைப்படத்தைப் பார்த்தும் வரைந்தவர். 1910இல் ஜப்பான் கொரியாவைத் தன்னோடு இணைத்துக்கொண்டபோது துயரம் தாங்காமல் உயிரை மாய்த்துக்கொண்ட கவிஞர் ஹ்வாங் ஹியோனை, அவர் இறந்தபின் 1911இல், முன்பு எடுத்திருந்த ஒரு புகைப்படத்தைக் கொண்டே சே யோங்-ஷின் வரைந்தார். புகைப்படத்தில் கவிஞர் வெளியே செல்லும்போது அணியும் தொப்பியோடு இருக்கிறார். ஓவியத்திலோ கற்றறிந்தோர் அணியும் தலையணியும் அங்கியும் அவருக்கு அணிவிக்கப்பட்டிருக்கின்றன. முகத்தைப் புகைப்படத்திலிருந்து எடுத்துக்கொண்டு, அந்த மனிதர் எப்படி நினைக்கப்பட வேண்டும் என்பதைத் தூரிகை தீர்மானித்தது. அந்த ஓவியம் இன்று கொரியாவின் அரசுப் பதிவு பெற்ற கலைச்செல்வம்.

நிறுத்திய காட்சியில் உள்ள உண்மையான ஆபத்து வேறு. ஓடும் காட்சியில் ஒரு முகபாவம் பிறந்து, நிறைந்து, அடங்குகிறது. நாம் நிறுத்தும் இடமோ பெரும்பாலும் அந்த மூன்றில் எதுவுமாக இல்லாத ஓர் இடைநிலை. போதாததற்குப் படப்பிடிப்பு விளக்குகள் கன்னத்தின் மேடுபள்ளங்களை மழுங்கடித்துவிடுகின்றன, கைபேசி அதை மேலும் வழவழப்பாக்குகிறது. ஒரே காட்சியை நம்பாமல், அதே தருணத்தில் ஐந்தாறு இடங்களில் நிறுத்தி, ஒவ்வொன்றையும் இரண்டு நிமிடத்துக்குள் பென்சிலால் கோடுகளாக மட்டும் பிடியுங்கள். பிறகு திரையை அணைத்துவிட்டு, நினைவிலிருந்து ஒரு முறை வரைந்து பாருங்கள். நினைவில் எது தங்கியிருக்கிறதோ அதுவே அந்தப் பாத்திரம் உங்களுக்குக் கொடுத்தது. அதற்குமேல் அளவுகளைச் சரிபார்க்க மட்டும் கைபேசியைத் திறந்தால் போதும். உங்கள் ஆசிரியரிடம் இந்த நினைவுப் படத்தைக் காட்டுங்கள், அவர் மகிழ்வார்.

கேள்வி: இப்படி வரைந்த படங்களை விற்கலாமா?
— வாசகி, மதுரை

பதில்: சொந்தப் பயிற்சிக்கும் வீட்டுச் சுவருக்கும் வரைவதில் கவலைப்பட ஒன்றுமில்லை. விற்பனை என்று வரும்போது கவனம் தேவை. திரைப்படைப்பின் எந்தக் காட்சியையும் நிழற்படமாகப் பிரதியெடுக்கும் உரிமையும் அதன் உரிமையாளருக்கே உரியது என்று இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் (1957) சொல்கிறது. எனவே ஒரு காட்சியை அப்படியே பெயர்த்து வரைந்து விற்பது சிக்கலை வரவழைக்கக்கூடும். அமைப்பு, நிலை, ஒளி, உடை எல்லாம் உங்கள் கற்பனையில் உருவாகி, பாத்திரம் உங்களுக்குத் தூண்டுதலாக மட்டும் இருந்தால் நீங்கள் நிற்கும் தரை உறுதியானது. பெரிய அளவில் அச்சிட்டு விற்க எண்ணினால் வழக்கறிஞரைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

கேள்வி: ஹான்பொக் உடையை வரையும்போது எனக்குச் சேலை வந்துவிடுகிறது. மடிப்புகள் அழகாகத்தான் இருக்கின்றன, ஆனால் கொரிய உடையாகத் தோன்றவில்லை. முகத்தின் நிறமும் பீங்கான் பொம்மை போல வெளுத்துவிடுகிறது. இரண்டுக்கும் வழி சொல்லுங்கள்.
— வாசகி, திருச்சி

பதில்: சேலையை வரைந்து பழகிய கை உங்களுடையது; அது நல்ல கைதான். சேலை உடலைச் சுற்றிச் செல்கிறது, இடுப்பில் இறுகுகிறது, தோளிலிருந்து சாய்வாக இறங்குகிறது. ஆகவே நாம் இயல்பாகவே உடலின் வளைவுகளைத் தொடர்ந்து சாய்கோடுகளைப் போடுகிறோம். ஹான்பொக்கின் பாவாடையான ச்சிமா மார்பின் மேலேயே கட்டப்பட்டு, அங்கிருந்து மணி வடிவத்தில் விரிந்து விழுகிறது. இடுப்பு எங்கே இருக்கிறது என்று அது காட்டுவதில்லை. மடிப்புகள் மேலே நெருக்கமாகப் பிறந்து கீழே அகன்று மறையும் நெடுங்கோடுகள். அவற்றில் இடுப்பின் வளைவை நுழைத்த மறுகணமே உடை சேலையாகிவிடுகிறது. மேல்சட்டையான ஜொகொரியில் அதற்கு நேர்மாறாக மடிப்புகள் குறைவு, தையல் கோடுகள்தாம் முக்கியம். கழுத்தில் வரும் வெள்ளைப் பட்டையின் கூர்மையும், கையின் அடிப்பக்கம் மெல்ல வளைந்து மணிக்கட்டுக்கு வரும் கோடும் சரியாக அமைந்தால் பாதி வேலை முடிந்தது.

ஒரு தவறை என் அனுபவத்திலிருந்து சொல்கிறேன், ஏனெனில் அதை நான் வண்ணம் முழுவதும் உலர்ந்தபிறகே கண்டுகொண்டேன். ஜொகொரியின் இடப்பக்கத் துணி வலப்பக்கத்தின்மேல் படிந்து, நாடா முடிச்சு அணிந்திருப்பவரின் வலப்பக்க மார்பை ஒட்டி வரவேண்டும். பார்க்கும் நமக்கு அது இடப்பக்கம். இணையத்தில் உலவும் பல படங்கள் கண்ணாடியில் பார்த்ததுபோல இடவலமாகத் திருப்பப்பட்டவை. அப்படி ஒன்றை நம்பி நான் வரைந்த படத்தில் முடிச்சு மறுபக்கம் போய்விட்டது. முதல் கோடு போடும் முன்பே முடிச்சு எந்தப் பக்கம் என்று பார்த்துவிடுங்கள்.

கதை நடக்கும் காலத்தையும் மறக்கக்கூடாது. ஜாங்கும் வாழ்ந்த 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெண்களின் ஜொகொரி அகலமாக இடுப்புவரை நீண்டிருந்தது என்பதைப் பழைய கல்லறைகளில் கிடைத்த உடைகளிலிருந்து அறிகிறோம். மார்புக்குச் சற்றுக் கீழேயே நின்றுவிடும் இறுக்கமான குட்டைச் சட்டை 18ஆம் நூற்றாண்டின் வழக்கம். தொடர்களின் ஆடை வடிவமைப்பாளர்கள் பார்வைக்கு ஏற்ப இதை மாற்றுவதுண்டு. நீங்கள் தொடரின் பாத்திரத்தை வரைவதால் தொடரில் உள்ளபடி வரைவதில் தவறில்லை; ஆனால் இரண்டு காலத்து உடைகளை ஒரே படத்தில் கலந்துவிடாதீர்கள்.

இனி நிறம். இதைப் பற்றி எழுதுவதில் எனக்குத் தனி விருப்பம் உண்டு. கொரியாவின் பழைய உருவ ஓவியங்களில் முகத்தோல் உள்ளிருந்து ஒளிர்வதுபோல இருக்கக் காரணம், வண்ணத்தை ஓவியத்தின் பின்பக்கத்தில் பூசும் முறை. அதற்குப் பேச்சே என்று பெயர். மெல்லிய பட்டுத் துணியைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, விலங்குப் பசையும் படிக்காரமும் கலந்த நீரைத் தடவி உலர்த்துவார்கள். நம் தச்சர்கள் வச்சிரம் என்று சொல்லும் பசையின் இனம்தான் அது. பிறகு பட்டின் பின்பக்கத்தில் தோலின் அடிநிறத்தைப் பூசினால், அது இழைகளின் ஊடே கசிந்து முன்பக்கத்தில் மங்கலாகத் தெரியும். முன்பக்கத்தில் மிக நீர்த்த வண்ணத்தை மட்டும் மேலோட்டமாக இட்டு, கோடுகளால் முடிப்பார்கள். வெண்மை மேலே அப்பப்படுவதில்லை, அடியிலிருந்து வருகிறது. அதனால் முகம் பீங்கானாக இறுகுவதில்லை. காகிதத்திலும் இதைச் செய்திருக்கிறார்கள். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் யுன் டு-சோ தாளில் வரைந்த தம் முகம் அதற்குச் சான்று. தாடியின் ஒவ்வொரு மயிரும் தனித்தனியே எழுந்து நிற்கும் அந்தச் சிறிய படம் 40 செ.மீ. உயரம்கூட இல்லை.

ஒரு முழம் மெல்லிய வெண்பட்டும் ஒரு மரச்சட்டமும் கிடைத்தால் இதை முயன்று பாருங்கள். கெட்டியான நீர்வண்ணத் தாளில் பின்பக்க வண்ணம் தெரியாது; அங்கே காவி கலந்த மிக வெளிர் மஞ்சளை முகம் முழுவதும் முதலில் பூசி நன்றாக உலரவிட்டு, கன்னம், காதுமடல், இமை, மூக்கு நுனி ஆகிய இடங்களில் மட்டும் நீர்த்த சிவப்பைப் பல அடுக்குகளாக ஏற்றுங்கள். வெள்ளை வண்ணக் குழாயைத் திறக்கவே வேண்டாம். நிழலுக்குக் கறுப்பையும் தொடவேண்டாம். 18ஆம் நூற்றாண்டு ஓவியர்கள் முகத்தின் மேடுபள்ளங்களைத் தசை ஓடும் திசையிலேயே மயிரிழை போன்ற நுண்கோடுகளை அடுக்கிக் காட்டினார்கள். பழுப்பு நிறத்தில் நீங்களும் அவ்வாறே செய்யலாம். பொறுமை தேவைப்படும் வேலை, ஆனால் ஒரு கன்னத்தில் செய்து பார்த்தால் மறு கன்னத்துக்கு வேறு முறையை நினைக்க மாட்டீர்கள்.

கேள்வி: 2008இல் எஸ்பிஎஸ் தொலைக்காட்சியில் வந்த, ஓவியர் ஷின் யுன்-போக் பற்றிய தொடரில் அவரைப் பெண்ணாகவும், ஆண்வேடத்தில் வாழ்பவராகவும் காட்டியிருக்கிறார்கள். நடிகை மூன் கன்-யங் நடித்த அந்தப் பாத்திரத்தை வரைய ஆசை. ஆணாக வரைவதா, பெண்ணாக வரைவதா? ஓவியரையே ஓவியமாக்கும்போது எதை மனத்தில் கொள்ளவேண்டும்?
— வாசகர், கோயம்புத்தூர்

பதில்: முதலில் வரலாற்றைத் தனியே எடுத்து வைத்துக்கொள்வோம். ஷின் யுன்-போக் 1758இல் பிறந்தவர், அரசவை ஓவியக்கூடத்தில் பணியாற்றிய ஷின் ஹான்-பியோங்கின் மகன். அவர் பெண் என்பதற்கு எந்தச் சான்றும் இல்லை. அது கதையாசிரியரின் கற்பனை. நீங்கள் வரையப்போவது அந்தக் கற்பனையை என்பதில் தெளிவாக இருந்தால், ஆணா பெண்ணா என்ற கேள்வி தானாக மாறிவிடும். அந்தப் பாத்திரத்தின் ஒவ்வொரு நாளும் மறைத்துக்கொள்வதில் கழிகிறது. மறைத்துக்கொள்ளும் ஒருவரைத்தான் நீங்கள் வரைகிறீர்கள்.

அதற்குத் தொப்பி உங்களுக்கு உதவும். ஜோசன் காலத்து ஆண்கள் அணிந்த கருப்புத் தொப்பி, மூங்கில் இழைகளாலும் குதிரை மயிராலும் நெய்யப்பட்டது; அதன் ஊடே ஒளி புகும். ஆகவே நெற்றியிலும் கண்களிலும் அது வீசும் நிழல் கெட்டியாக இராது, சல்லடை வழியே விழுந்ததுபோல மென்மையாக இருக்கும். அந்த அரைநிழலுக்குள் கண்களை வையுங்கள். முகத்தின் மேற்பாதி நிழலிலும், உதடும் மோவாயும் வெளிச்சத்திலும் இருக்கட்டும். மறைப்பதும் தெரிவதும் ஒரே முகத்தில் அமைந்துவிடும். அதற்காக மீசையையோ வளையலையோ சேர்க்கத் தேவையில்லை.

ஓவியரை ஓவியமாக்குவது பற்றிக் கேட்டதற்கு, ஷின் யுன்-போக்கின் கையிலிருந்தே விடை பெறலாம். அவர் வரைந்த 'மீயின்தோ' என்ற அழகியின் படம் சியோலின் கான்சொங் கலைக்கூடத்தின் சேமிப்பில் இருக்கிறது. சுமார் 114 செ.மீ. உயரமும் 45 செ.மீ. அகலமும் உள்ள பட்டில், ஒரு பெண் தன் மார்பில் தொங்கும் அணிகலனையும் நாடாவையும் விரல்களால் பிடித்தபடி நிற்கிறாள். இழைத்துச் சேர்த்த பொய்ம்மயிரால் பெருத்த கொண்டை. அத்தகைய கொண்டைகள் செலவை வளர்க்கின்றன என்று 1756இலும் மீண்டும் 1788இலும் மன்னர்கள் தடைவிதித்தார்கள், அவ்வளவு பரவியிருந்த வழக்கம் அது. இத்தனை பாரத்தைத் தாங்கியும் கழுத்து வளையாமல் இருக்கிறது. பார்வை மட்டும் சிறிதே தாழ்ந்து வேறெங்கோ செல்கிறது. ஓவியத்தின் ஓரத்தில் ஓவியரே எழுதிய வரிகள், தூரிகை நுனி உருவத்தோடு உயிரையும் கடத்தியது என்ற பொருளில் அமைந்திருக்கின்றன. உயிரைக் கடத்துவது என்பதற்குக் கொரிய ஓவியர்கள் வழங்கும் சொல் ஜொன்ஷின். அரசு அதிகாரிகளின் உருவ ஓவியங்களில் ஒரு மயிர் மாறினாலும் அது வேறொருவர் என்று கருதி, அம்மைத் தழும்பைக்கூட விடாமல் வரைந்த மரபு அது. அத்தனை துல்லியமும் அந்த உயிருக்காகவே கோரப்பட்டது.

அந்தப் பெண்ணின் பார்வை பார்க்கப்படுபவளின் பார்வை. உங்கள் பாத்திரமோ பார்ப்பவர். ஓவியர் தன் எதிரில் இருப்பதை அளக்கும்போது கண்மணி ஒரு புள்ளியில் நிலைத்து, கீழிமை சற்று உயர்ந்து, கண் சிறுக்கும்; தூரிகை பிடித்த கை அதற்குள் ஓய்வாகத் தாழ்ந்திருக்கும். கண் உழைக்கும்போது கை ஓய்ந்திருப்பதை எந்த ஓவியக் கூடத்திலும் காணலாம். உங்கள் நண்பர் ஒருவரை வரையச் சொல்லிவிட்டு, எதிரில் அமர்ந்து அரைமணி நேரம் அவர் கண்களையும் கையையும் மட்டும் கோட்டோவியமாகப் பிடியுங்கள். தொடரைத் திரும்பப் பார்ப்பதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம். தொப்பியின் நிழலைக் கடைசியில், மற்ற எல்லாம் உலர்ந்தபின், ஒரே ஒரு நீர்த்த பூச்சாக இடுங்கள். இரண்டாம் முறை தொட்டால் அடியில் உள்ள கண் கலங்கிவிடும்.